ஹுவேயிலிருந்து டா நாங்: ரயிலா, பைக்கா?

வியட்நாமின் ஹுவேயிலிருந்து டா நாங் ரயிலில் சுமார் 100 கி.மீ.; இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். டா நாங் நோக்கிப் போகும்போது கடல் இடப்பக்கம் வரும். டிக்கெட் எடுக்கையில் அந்தப் பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள், திரும்பும்போது வலப்பக்கம். லாங் கோ என்ற கடற்கரை ஊரைத் தாண்டியதும் தண்டவாளம் மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து போகும், கீழே பாறைகளில் அலை மோதும். இந்தப் பகுதியைச் சாலையிலிருந்து இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடியாது. ஆனால் இராத்திரி வண்டியில் ஏறினால் எல்லாம் வீண்.

பைக்கில் போனால் ஹாய் வான் கணவாய். சுமார் 500 மீட்டர் உயரம், 20 கி.மீ. ஏற்ற இறக்கம். உச்சியில் 1826இல் மின் மாங் மன்னர் கட்டிய கோட்டை வாசல். கார், பஸ் பெரும்பாலும் 2005இல் திறந்த சுரங்கப்பாதையில் போய்விடுவதால் கூட்டம் குறைவு. எரிபொருள் லாரிகள் மட்டும் மேலேதான் வரும், வளைவில் ஜாக்கிரதை. இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள். கியரில்லாத ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் போய்விடும்.

பைக்குக்கு ஓட்டுநர் உரிமம்தான் பெரிய சிக்கல். 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தரும் பன்னாட்டு உரிமம் வியட்நாமில் செல்லாது, 1968 வியன்னா ஒப்பந்தப்படி தருவதுதான் வேண்டும். செல்லாத உரிமத்தோடு விழுந்தால் காப்பீடும் கைவிரிக்கும்.

அக்டோபர், நவம்பரில் மழையும் மூடுபனியும். அப்போது யோசிக்காமல் ரயில்தான். ஹோய் அன் போகிறவர்களும் டா நாங்கில் இறங்கி இன்னும் 30 கி.மீ. சாலையில் போகவேண்டும், அங்கே ரயில் நிலையம் இல்லை.