பென்குயின்களோடு சேரப் போன ஜார்ஜ்

மூன்று, நான்கு வயதுப் பிள்ளையை முதல்முறையாக மீன் காட்சியகத்துக்குக் கூட்டிப் போகும் யோசனை இருந்தால், அதற்கு முன்பே 'க்யூரியஸ் ஜார்ஜ் அட் தி அக்வேரியம்' புத்தகத்தை வாங்கி வாசித்துக் காட்டிவிடுங்கள். மெலிசான சதுரப் புத்தகம், 24 பக்கம்தான், தூங்கப் போகும் முன் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். எங்கள் வீட்டில் முடித்த கையோடு "இன்னொரு தடவை" என்று குரல் வரும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. தன்னை வளர்க்கும் மஞ்சள் தொப்பிக்காரரோடு குரங்கு ஜார்ஜ் போகிறான், சுறா பார்க்கிறான், பெலுகா திமிங்கிலம் பார்க்கிறான், பென்குயின்களைப் பார்த்ததும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை, வெளியே நின்று வேடிக்கை பார்த்தால் போதுமா, அவற்றோடு போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டாமா? அப்புறம் என்ன ஆகிறது என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து நீங்களே படித்துக்கொள்ளுங்கள். ஜார்ஜிடம் எனக்குப் பிடித்ததே இதுதான், அவன் செய்கிற எதிலும் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. தடுப்புக்கு இந்தப் பக்கம் எக்கி எக்கிப் பார்க்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் வருகிற ஆசையை, அவர்கள் சார்பில் அவன் செய்து பார்த்துவிடுகிறான்.

குறை என்றால், பெயர் மீன் காட்சியகம், ஆனால் மனதில் நிற்கிற மூன்றில் சுறா மட்டும்தான் மீன். பெலுகா பாலூட்டி, பென்குயின் பறவை. சின்னச் சின்ன வண்ண மீன்களுக்கு ஆசைப்படும் பிள்ளைக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் இதை வைத்தே நிறையப் பேசலாம். பெலுகா வாழ்வது வடக்கே ஆர்க்டிக் பக்கத்துக் கடல்களில், பென்குயின்களோ ஏறக்குறைய எல்லாமே பூமியின் தென்பாதியில், ஆக இயற்கையில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வழியில்லை, இப்படி ஒரு காட்சியகத்தில்தான் ஒரே கூரைக்கடியில் இருக்க முடியும். பக்கத்தில் ஒரு உலக உருண்டையை வைத்துக்கொண்டு இதைக் காட்டினால் பிள்ளைகளின் கண் விரிவதைப் பார்க்கலாம். (இன்னொரு கேள்வியும் கட்டாயம் வரும்: குரங்கென்றால் வால் எங்கே? ஜார்ஜுக்கு ஆரம்பத்திலிருந்தே வால் கிடையாது.)

ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், இது ஜார்ஜைப் படைத்த ரே தம்பதி செய்த புத்தகம் இல்லை. எச். ஏ. ரே, மார்கரெட் ரே இருவரும் யூதர்கள். 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு, கைப்பிரதிகளை எடுத்துக்கொண்டு சைக்கிளிலேயே ஊரைவிட்டுத் தப்பி, கடைசியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு ஜார்ஜின் முதல் புத்தகம் வந்தது. எச். ஏ. ரே 1977-லும் மார்கரெட் 1996-லும் இறந்துவிட்டார்கள். மீன் காட்சியகக் கதை 2007-ல் வந்தது, படங்களை ரேயின் பாணியிலேயே வேறொருவர் வரைந்திருக்கிறார்.

அந்த முதல் புத்தகத்தில் ஒரு இடம். தெரியாத்தனமாகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து ஜார்ஜ் சிறைக்குப் போய்விடுவான், அவனைப் பிடிக்கக் காவலர் மரக்கட்டில்மேல் ஏறுவார், அவர் கனத்துக்குக் கட்டில் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ள, ஆள் விழுவார், ஜார்ஜ் திறந்திருக்கும் கதவு வழியே ஒரே ஓட்டம். அந்தத் துணிச்சலும் வேகமும் மீன் காட்சியகப் புத்தகத்தில் இல்லை, எல்லாம் அடக்கமாக, பத்திரமாகப் போகிறது. ஆனால் பழைய புத்தகத்தில் ஜார்ஜை ஆப்பிரிக்காவிலிருந்து சாக்குப்பைக்குள் பிடித்துப் போட்டுக் கொண்டுவருகிறார்கள், அவன் பைப் புகைக்கிறான், மூன்று வயதுக் குழந்தையிடம் இதையெல்லாம் என்னவென்று விளக்குவது? அந்த வயதுக்கு மீன் காட்சியகமே சரி, தயங்காமல் வாங்கலாம். தானே எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்ட பிள்ளைக்கு இது சப்பென்றிருக்கும், அவர்களுக்கு நேராக 1941 புத்தகத்தையே கொடுத்துவிட்டு, அந்தச் சாக்குப்பையைப் பற்றி உட்கார்ந்து பேசுங்கள்.