ரெடிமேட் மரக் கோழிக்கூண்டு, 3 வருஷம் கழிச்சு ஒரு ரிவ்யூ (ஹோம் லோன் கணக்கும் சேத்து)

வாங்கின மறுநாளே அஞ்சு ஸ்டார் போட்டுட்டு போறவங்க ரிவ்யூவ நம்பித்தான் நானும் இத வாங்கினேன். அதனால மழை வெயில் எல்லாம் ரெண்டு மூணு ரவுண்டு பாத்தப்புறம் எழுதலாம்னு விட்டுட்டேன். பெட்டில பலகை பலகையா வரும், நாமளே ஸ்க்ரூ போட்டு சேத்துக்கணும், அந்த வகை கூண்டு.

கூண்டு பத்தி சொல்றதுக்கு முன்னாடி காசு எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லணும், ஏன்னா அது லோனுக்கு எக்ஸ்ட்ராவா கட்ட எடுத்து வச்சிருந்த காசு. முட்டை வித்தே வீட்டுக் கடன அடைச்சிடலாம்னு ஒரு நினைப்பு, சிரிக்காதீங்க. 20 வருஷ லோன், 8% வட்டின்னு வச்சுக்குங்க, முதல் இஎம்ஐல 80% வட்டிக்கே போயிடும், அசல்ல கழியறது 20%தான். அதே சமயம் லோன் ஆரம்பிச்ச உடனே ஒரு இஎம்ஐ அளவு அசல்ல எக்ஸ்ட்ரா கட்டினா கடைசில கிட்டத்தட்ட 5 இஎம்ஐ காணாம போயிடும் (வட்டி ரேட் மாறாம இருந்தா). இது எனக்கு கூண்டு வாங்கினப்புறம்தான் உறைச்சுது. அப்ப பில்லுல போட்டிருந்தது மட்டும் கூண்டோட விலை இல்ல, அதோட கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. அந்தக் கண்ணோட பாத்தா எந்தக் குறையும் சின்னக் குறையா தெரியாது, அத மனசுல வச்சுகிட்டு மேல படிங்க.

6 கோழிக்குன்னு போட்டிருக்கு. பொய். உள்ள ஒரு கோழிக்கு 4 சதுர அடியாவது வேணும், வெளிய திரியற இடம் தனியா 8-லேந்து 10 சதுர அடி. டேப் வச்சு அளந்தேன், 3 கோழிக்கு தாராளம், 4 வச்சா அதுங்களே ஒண்ண ஒண்ணு கொத்திக்கும். நான் 4 வெடக்கோழி விட்டேன், ஒண்ணோட வால் இறகு மொத்தமும் போச்சு. முட்டைப் பெட்டி மட்டும் 3 குடுத்திருக்கான், 4 கோழிக்கு ஒண்ணே போதும். எப்படியும் எல்லாம் ஒரே பெட்டிலதான் போய் உக்காரும், இன்னொண்ணு வெளிய நின்னு கத்தும். அந்த இடத்த உள்ள சேத்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

பெரிய கோளாறு கம்பி வலை. அறுகோணமா இருக்கற மெல்லிசு வலை அது, கோழி வெளிய போகாம இருக்கத்தான் லாயக்கு, வெளியேருந்து வர்றத நிறுத்தாது. ஒரு ராத்திரி ஏதோ ஒண்ணு அடில பிச்சு உள்ள வந்து ஒரு கோழி போயிடுச்சு. மறுநாளே அரை இஞ்ச் கட்டத்துல கெட்டி வெல்ட் மெஷ் வாங்கி சுத்தி அடிச்சு, தரைல ஒரு அடி வெளிப்பக்கமா படுக்கப் போட்டு மண்ணு மூடினேன், அதுக்கப்புறம் ஒண்ணும் ஆகல. அந்த செலவும் லோன் காசுதான்.

மரம் சாஃப்ட் மரம். நேரா தரைல வச்சதால ரெண்டாவது வருஷமே கால் ரெண்டும் மக்கிடுச்சு, செங்கல் மேல தூக்கி வச்சிருக்கணும், அது என் தப்பு. பலகை இடுக்குல செள்ளு (கோழி ரத்தம் குடிக்கற பொடிப் பூச்சி) பூந்துடும், பகல்ல கண்ணுக்கே தெரியாது, ராத்திரி டார்ச் அடிச்சு உக்கார்ற கட்டையோட அடிப்பக்கம் பாருங்க.

நல்லது இல்லாம இல்ல. எச்சம் விழற தட்டு இழுத்தா வெளிய வந்துடும், தினமும் ரெண்டு நிமிஷ வேலை. மேல காத்துப் போக ஓட்டை சரியா விட்டிருக்கான், உள்ள அமோனியா நாத்தம் வந்ததே இல்ல.

சரி, முட்டைக் கணக்கு. ஒரு கோழி ஒரு நாளைக்கு 100-லேந்து 120 கிராம் தீவனம் திங்கும், முட்டை போட்டாலும் போடாட்டியும். வெடக்கோழி முட்டைக்கு வர 5 மாசம் ஆகும். வந்தப்புறமும் பகல் வெளிச்சம் குறைஞ்சா குறையும், இறகு உதிர்க்கற ரெண்டு மூணு மாசம் ஒண்ணும் கிடையாது, நடுவுல ஒண்ணு அடைக்கு உக்காந்துடும். நோட்டுல எழுதி வச்சு வருஷக் கடைசில கூட்டிப் பாத்தேன், தீவனம் கிளிஞ்சல் தூள் எல்லாம் போக மிச்சம் ஒரு இஎம்ஐல கால்வாசி கூட இல்ல. கூண்டு விலைய அதுல நான் சேக்கவே இல்ல.

ஆனா ஒண்ணு நடந்துச்சு. கோழி வச்சிருந்தா சாயங்காலம் யாராவது வீட்ல இருந்து கூண்டுக் கதவ பூட்டணும், காலைல திறந்து விடணும். லீவு வந்தா கிளம்பி எங்கயாவது சுத்தற ஆளுங்க நாங்க, அது தன்னால நின்னுடுச்சு. அந்தக் காசு வருஷத்துக்கு முழுசா ஒரு இஎம்ஐ அளவுக்கு வந்துச்சு, அத அசல்ல போட்டேன். வருஷா வருஷம் இப்படி 12-க்கு பதிலா 13 இஎம்ஐ கட்டினா 20 வருஷ லோன்ல கிட்டத்தட்ட 3 வருஷம் குறையுது. முட்டை பண்ணாதத பூட்டு பண்ணிச்சு.

எக்ஸ்ட்ரா கட்டும்போது மட்டும் பேங்க்ல "அசல்ல கழிங்க, இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், மாசத்த குறைங்க"ன்னு எழுத்துல குடுங்க. எனக்கு முதல் தடவ அடுத்த மாச இஎம்ஐய அட்வான்சா கட்டின மாதிரி வரவு வச்சுட்டாங்க, அத மாத்த ரெண்டு மாசம் அலைஞ்சேன். முன்கூட்டி கட்டினா சார்ஜ் உண்டான்னும் முதல்லயே கேட்டுக்குங்க.

கூண்டுக்கு 5-க்கு 2 ஸ்டார், தட்டுக்கு ஒண்ணு, காத்து ஓட்டைக்கு ஒண்ணு. கையில சுத்தியல் பிடிக்கத் தெரிஞ்சா வெல்ட் மெஷும் நாலு கட்டையும் வாங்கி நீங்களே அடிச்சுக்குங்க. எங்க வீட்ல மிச்சம் இருக்கற மூணுல ஒண்ணு முட்டையவே நிறுத்திடுச்சு, தீவனம் மட்டும் நிறுத்தல.