பிடிஎஸ்டி கோச் செயலி: தோட்டத்தில் பாவித்தால் எப்படி?

வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் வருடக்கணக்கில் பட்ட அவதிதான் 1980இல் பிடிஎஸ்டி என்ற நோய்க்கு, அதாவது பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் தொடரும் மனப் பாதிப்புக்கு, அமெரிக்க மனநல வைத்தியத்தில் ஒரு பெயர் கிடைக்க முக்கிய காரணம். முன்னாள் படைவீரர்களைப் பராமரிக்கும் அமெரிக்கத் திணைக்களம் 2011இல் வெளியிட்ட இலவசச் செயலி பிடிஎஸ்டி கோச். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதன் தேவை, இராணுவ முகாம் உள்ள தியத்தலாவைப் பக்கத்து ஓய்வுபெற்ற படையினரோடு முடியாது. 1977, 1983 இனக்கலவரங்களுக்குப் பயந்து வடக்கே வன்னிக்குப் போய், 2009 இறுதி யுத்தத்தில் அங்கே சிக்கி, மீண்டும் தோட்டத்துக்கு வந்த குடும்பங்களும் இருக்கின்றன. தீபாவளி வெடிச் சத்தத்துக்கும், ரோட்டுக்குப் பாறை உடைக்கிற சத்தத்துக்கும் அவர்கள் உடம்பு இன்னும் பதறுகிறது.

இதில் உருப்படியான பகுதி சுயமதிப்பீடு. கடந்த ஒரு மாதத்தைப் பற்றி 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, மொத்தம் 80. 31-33 அளவுக்கோ அதற்கு மேலோ வந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். நோய் இருக்கிறதா என்பதை அவர்தான் சொல்வார்.

பெரிய குறை, தமிழ் இல்லை. வீட்டுப் பிள்ளையை விட்டு மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். மகளிடம் எந்த அப்பாவும் தன் கனவுகளைச் சொல்லமாட்டார். எல்லாவற்றுக்கும் 0, 1 என்று போட்டு, ஒன்றுமில்லை என்று முடிந்துவிடும். உளவளத்துணையாளர் 20 கேள்வியையும் ஒரு கொப்பியில் தமிழில் எழுதிக் கொடுத்தால், எண்ணை மட்டும் போனில் தட்டினால் போதும். கிளினிக்குக்கு முதல் நாள் ஒருமுறை நிரப்புங்கள், தினமும் வேண்டாம். இரவில் குடித்துவிட்டுப் படுப்பவருக்குத் தூக்கக் கேள்வியில் புள்ளி குறைந்து காட்டும். அதனால் குடியைத் தனியாக எழுதி வையுங்கள்.

பதற்றம் வரும்போது என்ன செய்கிறது என்று தெரிவுசெய்து, அளவை 0 முதல் 10 வரை குறித்தால், மூச்சுப் பயிற்சி, தசை தளர்த்தல் போன்ற ஒன்றைச் செயலி தரும். குரல் ஆங்கிலம். ஆனால் சொந்தப் பாட்டும் படமும் சேர்க்கலாம், அது நல்ல வசதி. பங்கருக்குள் கேட்ட பாட்டைச் சேர்த்துவிடாதீர்கள், பழையதை அப்படியே கிளப்பிவிடும்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். இயர்போன் தேவை, ஆனால் ஒரு காதில் மட்டும். இரண்டு காதும் அடைபட்டால் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் இவர்களுக்குப் பயம் கூடும். முதுகைச் சுவரில் சாய்த்து, கதவு கண்ணில் படும்படி உட்காரச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

இறக்கிய பிறகு சிக்னல் இல்லாவிட்டாலும் பெரும்பாலான பகுதிகள் வேலை செய்யும். கணக்குத் திறக்கவும் தேவையில்லை. வீடு முழுக்க ஒரே போன் என்றால் இதை அதில் போடாதீர்கள், கொப்பியே பாதுகாப்பு.

அவசர உதவிக்கு உள்ளே இருப்பவை அமெரிக்க எண்கள். முதல் நாளே தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐயும் நம்பிக்கையான இருவரையும் அதில் சேருங்கள். சாகப்போகிறேன் என்று பேசுகிறவரிடம் போனைக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். ஆள் கூடவே இருந்து வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும்.