பெட்டியில் 7.1, உள்ளே 4.6: பெரிய மீன் ரீல் வாங்கப் போகிறவர்கள் கவனம்

மட்டக்களப்பு முகத்துவாரம், ஒலுவில் கல்லணை, பொத்துவில் பக்கமெல்லாம் பாரைக்கும் அறக்குளாவுக்கும் லூர் (போலி இரை) அடிக்கிற தம்பிமார் இதை ஒருதரம் பொறுமையாக வாசியுங்கள். முகநூலில் விளம்பரம் போட்டு, கொரியரில் பார்சல் அனுப்பி, வாசலில் காசு வாங்கிக்கொள்ளும் ஒரு பக்கம் எனக்கு ஒரு ரீலை, அதாவது தூண்டில் நூலைச் சுற்றுகிற கருவியை, விற்றது. பெட்டியில் கியர் ரேஷியோ 7.1:1 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தது 4.6:1. விலை 18,500 ரூபா.

வாங்கும் முன் நான் கேட்டது தெளிவான கேள்விதான். கரையில் நின்று அறக்குளாவுக்கு உலோக லூர் எறிந்து வேகமாக இழுக்க வேண்டும், அதற்கு வேக ரீல் இருக்கிறதா என்று எழுதினேன். “இருக்கு ப்ரோ, 7.1. நம்பர் கூடக் கூட பவர் கூடும். 20 கிலோ பாரைய அப்பிடியே சுத்தி எடுக்கலாம்” என்று பதில் வந்தது. முதல் பாதி எனக்குத் தேவையான விசயம். நம்பர் கூடினால் பலம் கூடும் என்ற மிச்சப் பாதி பச்சைப் பொய், ஆனால் விற்கிறவர்கள் இப்படி அளப்பது புதிதில்லை. பார்சல் வந்தபோது கொரியர் தம்பி காசு கட்டாமல் பெட்டியைத் திறக்க விடவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குக் கொடுத்த சட்டம் அது. இந்த வியாபாரம் முழுக்க அந்தச் சட்டத்தின் மேல்தான் நடக்கிறது.

இந்த எண் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 7.1:1 என்றால் கைப்பிடியை ஒருமுறை சுற்றும்போது நூலைச் சுற்றுகிற ரோட்டர் 7.1 முறை சுற்றும். அவ்வளவுதான். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நூல் உள்ளே வரும் என்பது ஸ்பூலின், அதாவது நூல் சுற்றியிருக்கும் உருளையின், பருமனையும் பொறுத்தது. என் ரீலில் நூல் நிறைந்த ஸ்பூலின் விட்டம் 6 சென்ரிமீற்றர், சுற்றளவு கிட்டத்தட்ட 18.8. அதை 7.1 ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு 133 சென்ரிமீற்றர் வர வேண்டும். 4.6 ஆல் பெருக்கினால் 86 தான். கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றிலும் அரை மீற்றர் அளவு நூல் குறைகிறது. இதே 4.6 ஐ 7.5 சென்ரிமீற்றர் ஸ்பூல் உள்ள பெரிய ரீலில் போட்டால் 108 வரும். ஆகவே இரண்டு ரீலை ஒப்பிடும்போது ரேஷியோவை மட்டும் பார்த்தால் போதாது, ஒரு சுற்றுக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்று கேளுங்கள். நல்ல கம்பனிகள் அதைப் பெட்டியிலேயே போடுவார்கள். என் பெட்டியில் அது இல்லை.

பலம் எதிர்ப் பக்கம் போகிறது. ட்ராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நூலை இறுக்கிப் பிடித்து வழுக்க விடுகிற பிரேக்கை, 7 கிலோவில் வைத்து, ஸ்பூலின் ஆரை 3, கைப்பிடியின் நீளம் 7 சென்ரிமீற்றர் என்று எடுங்கள். உராய்வைச் சேர்க்காமலே 7.1 ரீலில் கைப்பிடிக்கு 21 கிலோ பாரம் வரும், 4.6 ரீலில் 14 கிலோவுக்கும் குறைவு. சுமை ஏற்றிய ஆட்டோவை டொப் கியரில் மேட்டில் ஏற்றுகிற மாதிரிதான் வேக ரீலில் பெரிய மீனை இழுப்பது. அதனால்தான் அனுபவக்காரர் ரீலால் மீனை இழுப்பதில்லை. ரொட்டை (தூண்டில் கம்பை) நிமிர்த்தி மீனைக் கொண்டுவந்து, ரொட்டைத் தாழ்த்தும்போது தளர்கிற நூலை மட்டும் சுற்றி எடுப்பார்கள். கரையில் இருந்து பாரை பிடிக்கிறவர் வேக ரீல் கேட்பதும் அந்தத் தளர்ந்த நூலுக்காகத்தான்.

அந்தத் தளர்ந்த நூலில்தான் எனக்கு அடி விழுந்தது. பாலமீன்மடுவில் வெளிச்சவீட்டுக்கு அங்கால், வாவித் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம் ஒரு பாரை லூரை அடித்தது. ஒரு ஓட்டம் ஓடியது, சரி. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தே வந்தது. நான் கை நோகச் சுற்றுகிறேன், நூல் தொங்கிக்கொண்டே இருக்கிறது. லூர் கழன்று வந்தது. பக்கத்தில் நின்ற மச்சான் “என்னடா, ஆமை வேகத்தில சுத்துறாய்” என்றான். இதற்குப் பிறகு ஒரு நடுத்தரச் சீலாவை இழுக்கும்போது உள்ளே கறகறவென்று சத்தம் தொடங்கியது.

காத்தான்குடியில் ரீல் திருத்துகிற காக்கா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் திறக்கவே இல்லை, முதலில் ரோட்டரில் பேனையால் ஒரு கோடு போட்டார். கைப்பிடியைப் பத்துச் சுற்று மெதுவாகச் சுற்றிக்கொண்டு, கோடு எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணச் சொன்னார். 71 வர வேண்டிய இடத்தில் 46 வந்தது. அப்புறம் திறந்தார். பெரிய கியரில் 46 பல், அது சுற்றுகிற சின்னக் கியரான பினியனில் 10. ஒளிவுமறைவே இல்லை, பல்லை எண்ணினால் சின்னப்பிள்ளையும் கண்டுபிடிக்கும். “தம்பி, இது அலுமினியம் இல்ல, நாகம் கலந்த வார்ப்பு. ரெண்டு பல்லு முனை போயிட்டு, பாருங்க” என்று காட்டினார். ட்ராக்கில் கார்பன் வாஷர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே இருந்தது கம்பளி வாஷர்.

பெட்டியில் இருந்த அடுத்த பெரிய எண் ‘அதிகபட்ச ட்ராக் 25 கிலோ’. மீன் நிறுக்கிற தொங்கு தராசில் நூலைக் கட்டி இழுத்துப் பார்த்தோம். 6 கிலோ வரைக்கும் சீராக வழுக்கியது, அதற்கு மேல் இறுக்கினால் பிடித்துப் பிடித்து விட்டது. உண்மையான ரீலிலும் 25 கிலோவில் வைத்து யாரும் மீன் பிடிப்பதில்லை, மணலில் நின்று அந்த இழுப்பைத் தாங்க முடியாது. நூல் தாங்கும் பாரத்தில் நாலில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில் வைப்பதுதான் வழக்கம். 50 இறாத்தல் (கிட்டத்தட்ட 23 கிலோ) தாங்கும் பிரெய்டுக்கு, அதாவது பின்னல் நூலுக்கு, 6, 7 கிலோ. அந்த அளவில் வழுக்காமல் முட்டுகிற ட்ராக் நூலை அறுக்கும் அல்லது கொக்கியைப் பிடுங்கும். பெட்டியில் இருந்த ‘14+1 பெயாரிங்’ கதையை நான் எண்ணவே இல்லை. அந்த எண்ணை வைத்து ரீல் வாங்குகிறவர்களுக்குச் சொல்வது, நாலைந்து நல்ல பெயாரிங் போதும், கியரும் ட்ராக்கும்தான் மீனைக் கொண்டுவரும்.

இனிதான் வேடிக்கை. எண்ணிய காணொளியை விற்றவருக்கு அனுப்பினேன். வந்த பதில்: “ப்ரோ, லோ கியர்தான் பெரிய மீனுக்கு நல்லது, அதுலதான் பவர்.” முதலில் சொன்னதற்கு நேர் எதிர். இரண்டாவது சொன்னது உண்மை என்பதுதான் எனக்கு எரிச்சல். 1942 இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் போர்க்கப்பலுக்கு மேலே படகை நிறுத்தி, 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் ஜிக் (பாரமான உலோக லூர்) இறக்கிப் பாரையை மேலே தூக்குகிறவருக்கு 4.6 மாதிரித் தாழ்ந்த கியர் தோதானது. மீன் கீழே அமுக்கும், ரீல் பாரத்தோடு சுற்ற வேண்டும், வேகம் தேவையில்லை. நான் கேட்டது அந்த வேலைக்கு இல்லை. காசைத் திருப்பிக் கேட்டேன். ‘பாவித்த பொருள்’ என்றார், பிறகு முகநூலில் என்னை ப்ளொக் பண்ணிவிட்டார். இப்போது அதே படம் வேறு பெயரில் ஒரு பக்கத்தில் ஓடுகிறது, அங்கே ரேஷியோ 8.1 ஆகியிருக்கிறது. வாற மாசம் 9 ஆகலாம்.

சிமானோ கம்பனி ரீல்களில் மொடல் எண்ணுக்குப் பிறகு பிஜி (PG) என்றால் தாழ்ந்த கியர், எச்ஜி (HG) என்றால் வேகம், எக்ஸ்ஜி (XG) என்றால் இன்னும் வேகம். டைவா கம்பனி ரீல்களில் அதே வரிசையில் பி (P), எச் (H), எக்ஸ்எச் (XH). போலிப் பெட்டிகளிலும் இந்த எழுத்துகளை அடிக்கிறார்கள், ஆகவே எழுத்தை நம்பாமல் கடையிலேயே கோடு போட்டு எண்ணுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. எண்ண விடாத முதலாளியிடம் வாங்க வேண்டாம். கொரியரில்தான் எடுக்க வேண்டும் என்றால், காசு கட்டுவதற்கு முன்பே பத்துச் சுற்றுக் காணொளி கேளுங்கள், பெட்டி திறப்பதையும் வெட்டாமல் படம் பிடித்து வையுங்கள். என்னிடம் விளம்பரத்தின் படமும் அரட்டையும் கொரியர் பற்றுச்சீட்டும் இருந்தன. அவை இல்லாவிட்டால் பேச்சே இல்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொருள் விற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், “பிறகு பார்ப்பம்” என்று விட்டால் அந்த வழி அடைபட்டுப் போகும். விசாரிக்க 1977 க்கு அழைக்கலாம். அந்த ரீலை நீங்களும் வாங்கியிருந்தால், கறுப்புப் பெட்டி, சிவப்புக் கைப்பிடி, பக்கவாட்டில் தங்க நிறத்தில் 10000 என்று இருக்கும். பத்துச் சுற்றுக்கு எத்தனை வருகிறது என்று எண்ணி, பெட்டியின் படத்தோடு இங்கே போடுங்கள். என் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.