வீட்டு ரெக்கார்டிங்குக்கு ஒரு இன்டர்ஃபேஸ், ஒத்தை ஃபேடர்: சில வருஷம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம்

ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கை கம்ப்யூட்டரோட சேக்கற பெட்டி) ஃபேடர் (சத்தத்தை ஏத்தி இறக்கற தள்ளு பட்டன்) வச்ச கண்ட்ரோல் சர்ஃபேஸும் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைக் கையால ஓட்டற பலகை) ஒரே பெட்டியா வாங்கலாமா, தனித்தனியா வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: தனித்தனியா வாங்குங்க, காசை இன்டர்ஃபேஸ்ல போடுங்க, ஃபேடர் ஒண்ணே ஒண்ணு போதும். ஆனா ஒண்ணு, நான் பண்றது கர்நாடக சங்கீதம், திருச்சியில மாடி ரூம், வாய்ப்பாட்டு வயலின் மிருதங்கம், எப்பவாவது வீணை. பீட் போட்டு அதுமேல பாடறவங்களுக்கு நான் சொல்றதுல பாதி ஒத்துவராது, அதையும் மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல இன்டர்ஃபேஸ். பெட்டி மேல போட்டிருக்கற நம்பரை நம்பாதீங்க. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 4ஐ4, மோட்டு எம்4, ரெண்டும் அருமையான பெட்டிங்கதான், ஆனா பேர்ல 4 இருக்கேன்னு நாலு மைக் மாட்டலாம்னு நெனச்சா முடியாது, மைக் ப்ரீஆம்ப், அதாவது மைக்கோட மெல்லிசான சிக்னலைப் பெருசாக்கற பகுதி, ரெண்டுதான் இருக்கு, மிச்ச ரெண்டும் லைன் இன்புட், கீபோர்டு மாதிரி ஏற்கனவே சத்தமா வர்ற சிக்னலுக்கு. நம்ம கணக்கு என்ன? பாடகருக்கு ஒண்ணு, வயலினுக்கு ஒண்ணு, மிருதங்கத்துக்கு வலந்தலையில (வலது முகம்) ஒண்ணு தொப்பியில (இடது முகம்) ஒண்ணு, ஆக குறைஞ்சது நாலு மைக். மிருதங்கத்தை ஒத்தை மைக்ல எடுக்கலாம்தான், ஆனா தொப்பியோட கும்கியும் வலந்தலை சாப்பும் ஒரே ட்ராக்ல மாட்டிக்கிட்டா அப்புறம் ஒண்ணை ஏத்தினா இன்னொண்ணும் கூடவே ஏறும், மிக்ஸ்ல ஒண்ணும் பண்ண முடியாது. அதனால நான் தேடினது நாலு நிஜ மைக் ப்ரீஆம்ப். ஸ்கார்லெட் 18ஐ8ல இருக்கு, ஆடியன்ட் ஈவோ 8ல இருக்கு. நான் ஈவோ 8 எடுத்தேன், காரணம் சத்தத்தோட தரம்கூட இல்ல, கரண்ட்.

கரண்ட்னா, ஈவோ 8 யூஎஸ்பி வயர்லயே ஓடிடும், தனி அடாப்டர் வேண்டாம். நம்ம ஊர்ல டேக் நடுவுல கரண்ட் போனா அடாப்டர்ல ஓடற இன்டர்ஃபேஸ் அங்கயே செத்துடும், லேப்டாப் மட்டும் முழிச்சுக்கிட்டிருக்கும். இப்படி யூஎஸ்பியிலயே கரண்ட் எடுக்கற பஸ் பவர்ல ஓடறது லேப்டாப் பேட்டரியிலயே போய்க்கிட்டே இருக்கும், ஃபேன் நின்னு ரூம் அமைதியாகறதுதான் ரெக்கார்டிங்ல தெரியும், அதுவும் நல்லதுக்குதான். மெயின்டனன்ஸ்னு பகல் பூரா கரண்ட் இல்லாத நாள்ல நான் வேணும்னே செஷன் வச்சிருக்கேன், பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் கூட இருக்காது பாருங்க. ஆடி மாசத்துக்கு மட்டும் எந்த கருவியும் உதவாது, அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கருக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் இன்னும் யாரும் கண்டுபிடிக்கல.

ஹம் விஷயமும் இதோட சேந்ததுதான். நம்ம மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ், அதனால ரெக்கார்டிங்ல கீழ ஒரு ம்ம்ம்ம்னு 50லயும் 100லயும் உக்காந்திருக்கும். இன்டர்ஃபேஸ் ரிப்பேர்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடறதுக்கு முன்னாடி லேப்டாப் சார்ஜரை மட்டும் புடுங்கிப் பாருங்க, நின்னுட்டா குத்தம் சார்ஜர்லயோ வீட்டு எர்த்லயோ இருக்கு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓட்டினா ர்ர்ர்னு இன்னொரு விதமான சத்தம் வரும், அப்ப பேட்டரியில ஓட்டறது ஒண்ணுதான் வழி. நாலு கண்டென்சர் மைக்குக்கும் 48 வோல்ட் ஃபான்டம் (அந்த மைக் ஓட இன்டர்ஃபேஸ் அனுப்பற கரண்ட்) குடுக்கறப்ப லேப்டாப்போட சொந்த போர்ட்லயே மாட்டுங்க, மலிவு ஹப் வேண்டாம்.

கெயின், அதாவது மைக் சிக்னலை எவ்வளவு பெருசாக்கறோம்ங்கறது பத்தி. ஈவோல ஸ்மார்ட்கெயின்னு ஒரு பட்டன், அழுத்திட்டு வாசிக்கச் சொன்னா கொஞ்ச நேரம் கேட்டு அதுவே லெவல் வச்சுக்கும். பாட்டுக்கு ரொம்ப வசதி. மிருதங்கத்துக்கு அப்படியே விட்டுடாதீங்க, ஏன்னா செக் பண்றப்ப வித்வான் சும்மா தடவற மாதிரி வாசிப்பார், தனி ஆவர்த்தனம் வந்து மோரா கோர்வைன்னு ஏறும்போது அதே கை வேற கை. மெஷின் கேட்டதுக்குத்தானே லெவல் வைக்கும். அதனால "சார், தனியில கடைசி கோர்வை வாசிக்கற மாதிரி ஒரு தடவை வாசிங்க"ன்னு கேட்டு, அது வச்ச லெவல்லேருந்தும் இன்னும் கொஞ்சம் இறக்கி, பீக் மைனஸ் 12 டெசிபல் பக்கத்துல நிக்கற மாதிரி விட்டுடுவேன். 24 பிட்ல எடுக்கறோம், கம்மியா எடுத்தா பின்னாடி ஏத்திக்கலாம், கிளிப் (அளவு மீறி சத்தம் உடையறது) ஆனது ஆனதுதான். யூடியூப்ல பாத்துட்டு ஷ்யூர் எஸ்எம்7பி வாங்கறவங்க இன்னொண்ணு பாத்துக்கங்க, அந்த மைக்குக்கு சுத்தமான 60 டெசிபல் கெயினாவது வேணும், உங்க இன்டர்ஃபேஸ்ல அது இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லைன்னா நடுவுல ஒரு பூஸ்டர்னு இன்னொரு செலவு.

லேட்டன்சி, அதாவது பாடினது ஹெட்ஃபோன்ல வந்து சேர ஆகற தாமதம், அதைப் பத்தி எல்லாரும் பயப்படுவாங்க. 48 கிலோஹெர்ட்ஸ்ல பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு சேத்து எடுக்கற சாம்பிள் எண்ணிக்கை) 128 வச்சா ஒரு பக்கத்துக்கு சுமார் 2.7 மில்லிசெகண்ட், போயிட்டு திரும்பறதுக்கு ரெண்டு மடங்கு, மேல கன்வர்ட்டர் நேரம். எல்லாரும் ஒரே ரூம்ல உக்காந்து சேந்து வாசிக்கறதுல டைரக்ட் மானிட்டர்ல, அதாவது கம்ப்யூட்டருக்குப் போகாம இன்டர்ஃபேஸ்லேருந்தே நேரா கேட்டா இந்தக் கணக்கே வேண்டாம், பஃபரை 512ல வச்சுட்டு நிம்மதியா இருங்க. ஹெட்ஃபோன் அவுட் ரெண்டு இருக்கணும், அது முக்கியம், பாடறவங்களுக்கு தம்புரா தூக்கலா வேணும், மிருதங்கக்காரருக்கு பாட்டு தூக்கலா வேணும்.

சரி, ஒரே பெட்டி ஏன் வேண்டாங்கறேன்னு வர்றேன். 2000கள்ல டிஜிடிசைன் 002, 003, டாஸ்கம் எஃப்டபிள்யூ-1884ன்னு இருந்துச்சு, மோட்டார் ஃபேடரும் (தானா நகர்ற ஃபேடர்) மைக் ப்ரீஆம்ப்பும் ஒரே டேபிள்ல, பாத்தாலே ஆசை வரும், இன்னைக்கும் பழைய சாமான்ல மலிவா கெடைக்கும். எல்லாம் ஃபயர்வயர்ங்கற பழைய கேபிள் இணைப்பு. 2012ல ரெட்டினா மேக்புக் ப்ரோ வந்தப்பவே ஃபயர்வயர் போர்ட் கிடையாது, அப்புறம் டிரைவரும் நின்னுச்சுன்னா ஃபேடர் நல்லா இருந்தும் ப்ரீஆம்ப் நல்லா இருந்தும் மொத்த பெட்டியும் பரண்லதான். இன்டர்ஃபேஸுக்கு வயசு வேற, ஃபேடருக்கு வயசு வேற. மேக்கி கண்ட்ரோல்ங்கற புரோட்டோக்கால்ல பேசற சர்ஃபேஸ் வெறும் மிடிதான் (சத்தம் இல்லாம கட்டளை மட்டும் அனுப்பற முறை), அதுக்கு தனி டிரைவர்கூட தேவைப்படாது, கம்ப்யூட்டர் மாத்தினாலும் இன்டர்ஃபேஸ் மாத்தினாலும் அது பாட்டுக்கு ஓடும். இப்ப வர்ற டாஸ்கம் மாடல் 12 மாதிரி மிக்ஸரும் இன்டர்ஃபேஸும் சேந்த பெட்டியை நான் குத்தம் சொல்லல, எஸ்டி கார்டுலயே மல்டிட்ராக் எடுத்துடலாம், சபாவுக்கும் தூக்கிட்டுப் போறவங்களுக்கு சரி. ஆனா அந்த ஃபேடர்ல மோட்டார் கிடையாது, எனக்கு வேண்டியதே மோட்டார்தான்.

அது ஏன்னு கேட்டா ஆலாபனைக்காக. மந்திர ஸ்தாயியில பாடறப்ப குரல் காத்தோட கலந்து மெல்லிசா வரும், தார ஸ்தாயி பஞ்சமம் புடிக்கறப்ப மீட்டர் எகிறும். கம்ப்ரஸர் (பெரிய சத்தத்தைத் தானா அமுக்கற கருவி) போட்டு சமாளிச்சா என்ன ஆகுதுன்னா, அவர் மூச்சு விடற இடத்துல கம்ப்ரஸர் விட்டுக்குடுக்கும், பின்னாடி மைக்ல கலந்திருக்கற தம்புரா குபுக்குன்னு மேல வரும், மறுபடி பாடினா உள்ள போகும். ஸ்ருதி மூச்சு வாங்கற மாதிரி கேக்கும், சகிக்காது. அதுக்கு பதிலா கையால ஃபேடர் ஏத்தி இறக்கறேன், கமகம் தேயற இடத்துல ஒரு டெசிபல், ரெண்டு டெசிபல், அவ்வளவுதான். மவுஸ்ல புள்ளி புள்ளியா வரையலாம், ஆனா அப்ப கண்ணு அலைவடிவத்தைப் பாக்குது, காது வேலை செய்ய மாட்டேங்குது. ஆட்டோமேஷன்ல (ஃபேடர் அசைவை சாஃப்ட்வேர் பதிஞ்சு வச்சு திருப்பி ஓட்டறது) டச் மோடு வச்சுப் பண்ணுங்க, விரலை எடுத்ததும் ஃபேடர் பழைய இடத்துக்குத் தானா போயிடும், ஒரு வரியை மட்டும் திருத்த அதுதான் லாயக்கு. லாட்ச்ல வச்சா ஸ்டாப் பண்ற வரைக்கும் கடைசியா வச்ச லெவல்லயே நிக்கும்.

கோர்க் நேனோகண்ட்ரோல் 2லதான் நானும் ஆரம்பிச்சேன், எட்டு குட்டி ஃபேடர், லேப்டாப் பைக்குள்ள போயிடும், ப்ளே, ஸ்டாப் மாதிரி டிரான்ஸ்போர்ட் பட்டனுக்கு இன்னைக்கும் நல்லா இருக்கு. ரைடுக்கு, அதாவது இப்படி கையால லெவல் ஏத்தி இறக்கறதுக்கு, மட்டும் ஒத்துவராது, ஸ்க்ரீன்ல லெவல் ஒரு இடத்துல இருக்கும் கையில ஃபேடர் வேற இடத்துல இருக்கும், தொட்டதும் தாவும். சாதா மிடி சிசி மெசேஜ்ல அனுப்பினா மொத்தம் 128 படிதான் வேற, மேக்கி கண்ட்ரோல் பிட்ச் பெண்ட் மெசேஜ்ல அனுப்பறதால ரொம்ப நைசா நகரும். இப்ப என் டேபிள்ல இருக்கறது பெரிஞ்சர் எக்ஸ்-டச் ஒன், 100 மில்லிமீட்டர் மோட்டார் ஃபேடர் ஒண்ணு, ஜாக் வீல், ட்ராக் பேர் காட்ட ஒரு குட்டி டிஸ்ப்ளே. பிரிசோனஸ் ஃபேடர்போர்ட்டும் இதே ஜாதி, ஸ்டூடியோ ஒன்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் யூஸ் பண்றவங்க அதைப் பாக்கலாம். நான் யூஸ் பண்ற சாஃப்ட்வேர் ரீப்பர், அதுல ப்ரிஃபரன்ஸ்ல கண்ட்ரோல் சர்ஃபேஸ் பக்கத்துல போய் மேக்கி கண்ட்ரோல் யூனிவர்சல்னு சேத்தா வேலை முடிஞ்சுது. ரீப்பர் லைசன்ஸ் சொந்த உபயோகத்துக்கு 60 டாலர்தான்.

டிஸ்ப்ளேல தமிழ் வராது, அதை முன்னாடியே சொல்லிடறேன். இந்த புரோட்டோக்கால்ல பேர் போறது மிடி சிஸ்எக்ஸ்ங்கற மெசேஜ் வழியா, 127க்கு மேல எந்த எண்ணும் அதுல போகாது, ட்ராக்குக்கு 7 எழுத்து இடம்தான். "தொப்பி"ன்னு பேர் வச்சா குப்பையா வரும், ஆங்கில எழுத்துல சுருக்கி வச்சுக்கங்க.

மோட்டார் ஃபேடரோட வாழறதுல சில தொல்லை இருக்கு. ப்ளேபேக்ல அது தானா ஓடறப்ப டக் டக்னு சத்தம் கேக்கும், தனியா மிக்ஸ் பண்றப்ப பரவால்ல, பாடகரும் அதே ரூம்ல உக்காந்து ஓவர்டப் (ஏற்கனவே எடுத்ததைக் கேட்டுக்கிட்டே அதுமேல பாடறது) எடுக்கறப்ப மைக் அதையும் புடிக்கும், அந்த நேரம் ஆட்டோமேஷன் ரீடை ஆஃப் பண்ணிடுங்க. தொட்டா தெரியற ஃபேடர், ஆனா தோல் படணும், நகத்தால தள்ளினா தெரியாது, மோட்டார் உங்களோட மல்லுக்கட்டும். அடாப்டர் தனியா வேணும், கரண்ட் போனா இது படுத்துடும், ஆனா படுத்தா ரெக்கார்டிங் ஒண்ணும் நிக்காது. புழுதிக்கு ஒரு காட்டன் துணி மூடி போட்டே வச்சிருக்கேன், ஜன்னலோரமா வைக்காதீங்க.

எதிர்பாக்காம ரொம்ப உபயோகமானது மார்க்கர் பட்டன். நம்ம பாட்டுல கிளிக் (காதுல தாளம் காட்டற டிக் டிக்) கிடையாது, கிரிட் (ஸ்க்ரீன்ல தாளக் கோடு) கிடையாது, ரெக்கார்டிங் ஓடறப்பவே பல்லவி முடிஞ்சு அனுபல்லவி எடுக்கறப்ப ஒரு தட்டு, சரணத்துக்கு ஒரு தட்டு, நிரவல் ஆரம்பிச்சா ஒரு தட்டு. அப்புறம் "அந்த ரெண்டாவது சங்கதி மறுபடி போடலாமே"ன்னு பாடகர் கேட்டா உடனே அங்க போயிடலாம், அவர் மூட் போறதுக்குள்ள.

எட்டு ஃபேடர் வேணுமான்னா, ஒரே நேரத்துல மூணு நாலு ட்ராக்கை ரெண்டு கையாலயும் ஓட்டற ஆளா இருந்தா வாங்குங்க, அது பெருசு, டேபிள்ல இடம் விழுங்கும், கீபோர்டு எங்க வைக்கறதுன்னு யோசிக்கணும். பஞ்சவாத்தியம் எடுக்கற நண்பர் ஒருத்தர் எட்டு வச்சிருக்கார், அவருக்கு அது நியாயம். எனக்குப் பாட்டு ட்ராக்கை ஓட்டி முடிச்சு, ட்ராக் மாத்தி வயலினை ஓட்டினா ஃபேடர் தானா வயலின் லெவலுக்கு வந்து நிக்குது, அதுக்குமேல ஒரே நேரத்துல ரெண்டைக் கேக்கற காது எனக்கு இல்ல. அடுத்து கையில காசு வந்தா ஃபேடருக்குப் போடப் போறதில்ல, வயலினுக்கு இன்னும் நல்ல மைக் ஒண்ணு பாத்துக்கிட்டிருக்கேன்.