வால்பாறை மழையும் டீஹியூமிடிஃபயரும்: சில மழைக்கால அனுபவம்

வால்பாறையில் ஜூன் பிறந்துவிட்டால் கொடியில் போட்ட துணி காயாது. பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்த மேகம் எங்கள் தலைக்கு மேலேயும்தான் நிற்கிறது. பீரோவுக்குப் பின்னால் சுவரில் கரும்புள்ளி, தோல் பெல்ட்டில் பச்சைப் பொடி, மடித்து வைத்த பட்டுப்புடவையில் பூஞ்சை வாடை. வீட்டுக்கு வீடு இதே கதைதான். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் மெஷினான டீஹியூமிடிஃபயரை நாங்கள் வாங்கிச் சில மழைக்காலங்கள் ஓடிவிட்டன. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மெஷினுக்கு முன்னால் சில நூறு ரூபாயில் ஒரு ஈரப்பதமானி வாங்கிவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சைக்குப் பிழைப்பு கஷ்டம். 80-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் கட்டாயம் பிடிக்கும். ஜூலையில் எங்கள் படுக்கையறை 85-க்குக் கீழே இறங்கியதே இல்லை. மானியை பீரோவுக்குப் பின்னால் செருகினால் இன்னும் ஏறியது. வெளிச்சுவர் குளிர்ந்து கிடக்கும், அங்கே காற்றோட்டமும் இருக்காது. பீரோவை உள்சுவருக்கு மாற்றி ஒரு சாண் இடைவெளி விட்டதிலேயே நல்ல மாற்றம் தெரிந்தது. இதற்குச் செலவே இல்லை.

அடுத்தது அடுக்களை. கேஸ் எரியும்போது ஆவியும் உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்வதற்குள் 20 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் காற்றில் விட்டிருக்கும். சோறு வடிக்கிற ஆவி, சுடுதண்ணீர் ஆவி தனி. சமைக்கும்போதும், முடித்து அரைமணி நேரம் வரைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

சரி, மெஷின். எங்களுடையது கம்ப்ரஸர் வகை. குளிர்ந்த காயிலில் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிந்து தொட்டியில் சொட்டும். பெட்டியில் 'ஒரு நாளைக்கு 12 லிட்டர்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதத்தில் எடுத்த கணக்கு. மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் 20 டிகிரிதான். அதில் பாதிகூட வராது. மலைப்பகுதியில் இருப்பவர்கள் ஒரு அளவு பெரிதாக வாங்குவதே நல்லது. மெஷின் விடும் இளஞ்சூடு இங்கே இதமாக இருக்கிறது. சென்னை மாதிரி ஊரில் அந்தச் சூடு தாங்காது. அங்கே ஏசியின் ட்ரை மோடே பரவாயில்லை.

வீடு முழுவதையும் இதை வைத்து உலர்த்த முடியாது. கதவைத் திறந்து வைத்தால் எண் இறங்கவே இறங்காது. அதனால் ஒரு அறையை மட்டும் தேர்ந்தெடுத்தோம். பட்டுப்புடவை, சர்டிஃபிகேட், பத்திரம், புத்தகம் எல்லாம் அங்கேதான். ராத்திரி அந்த அறையில் கொடி கட்டித் துணியையும் போட்டுவிடுவோம். சட்டை, பாவாடை காலையில் காய்ந்திருக்கும். ஜீன்ஸுக்கு இன்னொரு ராத்திரி வேண்டும். பள்ளிச் சீருடை வாடையில்லாமல் காய்ந்து கிடைப்பதற்காகவே இந்த மெஷினைத் தாராளமாக வாங்கலாம்.

250 வாட் மெஷின் 8 மணி நேரம் ஓடினால் 2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். அரசு தரும் இலவச யூனிட்டில் பெரும்பகுதியை இது ஒன்றே தின்றுவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். மழையில் கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால், கரண்ட் வந்ததும் தானாகத் திரும்ப ஓடும் மாடலா என்று கடையில் கேளுங்கள். குழாய் மாட்டும் வசதி இருந்தால் தொட்டியைக் கொட்டும் வேலை மிச்சம். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலசினால் போதும்.

பீரோவுக்குள் வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்களும் மூடிய இடத்தில் நன்றாகவே வேலை செய்கின்றன. அதில் சேரும் நீர் துணியில் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கற்பூரமும் அந்துருண்டையும் ஈரத்தை எடுப்பதில்லை.

வடக்குச் சுவரில் மட்டும் மெஷினால் ஒன்றும் ஆகவில்லை. சன்ஷேடுக்கு மேலே உள்ள விரிசல் வழியாக மழைநீர் இறங்கி ஓதம் காக்கிறது. மேலே பெயிண்ட் அடித்தாலும் கொப்புளம் விட்டு உரிந்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் சுவர் நன்றாக உலர்ந்த பிறகு விரிசலை அடைத்து, பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசச் சொல்லி மேஸ்திரியிடம் பேசியிருக்கிறோம்.