8x32-ஆ, 8x42-ஆ? பறவை பார்க்க எந்த பைனாகுலர்?

இரண்டுக்கும் உருப்பெருக்கம் 8 மடங்குதான். மாறுவது முன்லென்ஸின் விட்டம்: 32 மி.மீ. அல்லது 42 மி.மீ.

எடை
8x32: பெரும்பாலும் 450–550 கிராம்.
8x42: 650–750 கிராம். காலை முழுக்கக் கழுத்தில் தொங்கினால் அந்த 200 கிராம் நன்றாகவே உறுத்தும்.

வெளிச்சம்
8x32: கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4 மி.மீ.
8x42: 5.25 மி.மீ.
நல்ல வெயிலில் நம் கண்மணி 2–3 மி.மீ.தான் விரியும். அதனால் நண்பகலில் வேடந்தாங்கல் நாரைகள் இரண்டிலும் ஒரே பிரகாசத்தில்தான் தெரியும். விடியல், அந்தி, வால்பாறை மழைக்காட்டு நிழல் என்றால் கதையே வேறு. இலைக்குள் ஒளிந்த குருவியின் நிறத்தை 42 பிரித்துக் காட்டும். 32-இல் அது மங்கலாகத் தெரியலாம்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு
ஐ ரிலீஃப் (முழுக் காட்சியும் தெரிய, கண்லென்ஸிலிருந்து கண் இருக்கக்கூடிய தூரம்) 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது; குறைந்தால் காட்சியின் ஓரம் வெட்டுப்படும். 8x42-இல் இது எளிதாகக் கிடைக்கும். 8x32-இல் மாடலுக்கு மாடல் மாறும், போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

மழை
இதற்கு விட்டம் பொருட்டே இல்லை. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' சாரலுக்கு மட்டும். 'வாட்டர்ப்ரூஃப்', 'நைட்ரஜன் நிரப்பியது' இரண்டும் வேண்டும்: ரப்பர் வளையம் நீரைத் தடுக்கும், உலர்ந்த நைட்ரஜன் உள்ளே ஆவி படியாமல் காக்கும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் வெளிலென்ஸில் படியும் ஆவியை இரண்டுமே தடுக்காது; சில நிமிடங்களில் தானே போய்விடும்.

மலையேற்றம், பஸ் பயணம், பகல் நேரம் என்றால் 8x32. அதிகாலைக் காடு, மூக்குக்கண்ணாடி என்றால் 8x42. எடைக்குத் தோள் பட்டை மாட்டிக்கொள்ளுங்கள்.